காரணம்: கை நடுக்கம்

"இது பறவையே இல்லை," என்றார் யோ வாத்தியார். "வாழைப்பூ."

லான் சிங்-ஹோ மேசைமேல் குனிந்து பார்த்தார். புகைப்படத்தில் நிறையப் பச்சை இருந்தது. பச்சைக்கு நடுவே சிவப்பாக ஏதோ இழுத்துப் பூசியிருந்தது.

"பறவைதான் வாத்தியாரே. நான் பக்கத்திலேயே நின்னேன். பறந்து போனதைப் பார்த்தேன். வாழைப்பூ எங்கேயாவது பறக்குமா?"

"பறவை பறந்தது உண்மையா இருக்கலாம். அது பறந்த பிறகு உங்க வீட்டம்மா பட்டனை அழுத்தியிருக்காங்க. மிச்சம் இருந்தது வாழைப்பூ."

யோ வாத்தியார் முப்பது வருடம் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எங்கள் லீகாங் பறவை நண்பர்கள் சங்கத்தில் பறவைக்குப் பெயர் சொல்லும் பொறுப்பு அவருடையது. அவர் சொன்னால்தான் அது கொக்கு, அவர் தலையாட்டாவிட்டால் கொக்கே வந்து நின்றாலும் பதிவேட்டில் ஏறாது. பூதக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த படத்தை எடுத்தார்.

"இது?"

"மரங்கொத்தி."

"மரம் தெரியுது. கொத்துனது தெரியலையே."

மேசையில் நாற்பத்தொரு படங்கள் பரப்பியிருந்தன. எல்லாம் முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் ஹோண்டுராஸில் எடுத்தவை. அந்தக் காலத்தில் தைப்பேயில் இருக்கும் நம் அரசாங்கம் தூர தேசங்களுக்கு விவசாயக் குழுக்களை அனுப்பிக்கொண்டிருந்தது. நெல் நடச் சொல்லிக்கொடுக்க லான் போனார். ஆறு மாதம் கழித்து அவர் மனைவி ஜின்-யுன், தொழிற்சாலை போனஸில் வாங்கிய கேமராவோடு பின்னாலேயே போய்ச் சேர்ந்தாள். இரண்டரை வருடத்தில் அவள் எடுத்த பறவைப் படங்களில் ஒன்றுகூட உருப்படியாக விழவில்லை.

அதை லான் சும்மா விட்டாரா என்றால், இல்லை. ஊர் திரும்பிய பிறகு எந்தக் கல்யாண விருந்தில் உட்கார்ந்தாலும் மூன்றாவது மதுக் கிண்ணத்துக்குப் பிறகு இந்தக் கதைதான். "என் வீட்டுக்காரி பறவையைப் படம் எடுத்தா, சோப்பு கரைச்ச தண்ணி மாதிரி வரும்," என்பார். மேசை முழுக்கச் சிரிக்கும். ஜின்-யுன்னும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் இப்படியே போனது. மூன்று வருடங்களுக்கு முன் அவள் இறந்துபோனாள். அதன்பிறகு அந்தக் கதையைச் சொல்ல லானுக்கு வாய் வரவில்லை.

இந்த வருடம் சங்கத்தின் ஆண்டுக் கண்காட்சி, விவசாயிகள் சங்கத்து மாடியில். லான் தலைவரிடம் போய் ஒரு சுவர் கேட்டார். மேலே பெரிதாக 'ஜின்-யுன் எடுத்த பறவைகள்' என்று எழுதி, கீழே படங்களை வரிசையாக மாட்ட வேண்டும். ஊரே சிரித்த படங்களை ஊரே நின்று மரியாதையாகப் பார்க்க வேண்டும். அவளிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

தலைவர் ஒப்புக்கொண்டார். ஆனால் சங்கத்து விதி ஒன்று இருக்கிறது: பெயர் இல்லாத பறவைக்குச் சுவரில் இடம் கிடையாது. பாதிப் படங்களுக்காவது யோ வாத்தியார் பெயர் சொல்ல வேண்டும், பத்து நாள் கெடு. இல்லாவிட்டால் அந்தச் சுவர் சங்கத்துப் பல் டாக்டரின் கொக்குப் படங்களுக்குப் போய்விடும். பல் டாக்டர் எடுத்த கொக்குகளில் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம்.

மாலைக்குள் யோ வாத்தியார் இரண்டு பெயர் கொடுத்தார். ஒன்று டூக்கான். அவ்வளவு பெரிய அலகை எந்தக் கேமராவாலும் மறைக்க முடியவில்லை. இன்னொன்று பிணந்தின்னிக் கழுகு.

"இன்னும் பத்தொன்பது வேணுமே," என்றார் லான்.

வாத்தியார் லானின் ஹோண்டுராஸ் ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினார். ஒரு பக்கத்தில் நின்றார். விவசாயக் குழுவின் பண்ணைப் பன்றி ஒன்று, பக்கத்தில் மண்வெட்டியோடு இளவயது லான். பன்றியின் கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது.

"இது யார் எடுத்தது?"

"அவதான்."

"வயல், பன்றி, கல்யாண வீடு, எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. பறவை மட்டும் ஏன் இப்படி?"

"பன்றி நிக்கும் வாத்தியாரே. பறவை நிக்குமா?" என்றார் லான்.

வாத்தியாருக்கு அந்த விளக்கம் போதுமானதாக இருந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். போகிறபோது, "சங்கத்துக் குழுவுல போட்டுப் பாருங்க. நாலு பேர் கண்ணுல பட்டா ஏதாவது வழி பொறக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வழி பிறந்ததுதான். ஆனால் அது போய்ச் சேர்ந்த இடம் வேறு.

சங்கத்துக்குக் கைபேசியில் ஒரு குழு உண்டு, நூற்றுப்பத்துப் பேர். மறுநாள் காலை ஆறு மணிக்கு லான், படங்களைக் கைபேசியால் படம் பிடித்து அதில் ஒன்பதை அனுப்பினார். ஏற்கெனவே மங்கிய படம், அதன்மேல் ஜன்னல் வெளிச்சம், அதன்மேல் லானின் கட்டை விரல் நிழல்.

காலை ஆறு மணிக்கு அனுப்பியதுதான் தப்பு. எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எழுந்ததும் செய்யும் முதல் வேலை, ஒரு பூப் படத்தில் வாழ்த்து எழுதித் தெரிந்தவர் எல்லோருக்கும் அனுப்புவது. அந்த நேரத்தில் வரும் எந்தப் படத்தையும் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பதிலுக்கு ஒன்று தட்டிவிடுவார்கள். லானுக்குப் பத்து நிமிடத்தில் பதினான்கு தாமரைகளும் ஆறு சூரிய உதயங்களும் வந்து சேர்ந்தன. ஒருவர் மட்டும் அக்கறையாக, "அழகான பூ. உங்கள் வீட்டில் பூத்ததா?" என்று கேட்டிருந்தார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குழுவில் ஜியான் அம்மா என்று ஒருவர் இருக்கிறார். வாழ்த்துப் படம் செய்வதில் எங்கள் ஊரில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. லான் அனுப்பியதில் நீலமாக ஒன்று, நீண்ட வாலோடு பச்சையில் கரைந்திருந்தது. அது அவர் மனதைத் தொட்டுவிட்டது. அதன்மேல் மஞ்சள் எழுத்தில் 'மனம் லேசானால் வானம் பக்கத்தில்' என்று எழுதினார். தன் எல்லாப் படங்களிலும் போடுவதுபோல அடியில் 'லீகாங்கிலிருந்து காலை வணக்கம்' என்றும் போட்டு, தன் முந்நூறு நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார்.

மதியம் ஆ-ஷியா வந்தாள். ஜின்-யுன்னின் தங்கை, சந்தையில் வொன்டன் என்கிற இறைச்சிக் கொழுக்கட்டை சூப் கடை வைத்திருக்கிறாள். கிண்ணத்தை லான் முன்னால் வைத்துவிட்டுக் கைபேசியை நீட்டினாள்.

"அத்தான், அக்கா எடுத்த படம் எனக்கு அஞ்சு பேர்கிட்டேருந்து வந்திருக்கு. ஒருத்தர் தைப்பேயிலேருந்து அனுப்பியிருக்கார்."

லான் படத்தைப் பார்த்தார். மனைவி எடுத்த படத்தின்மேல் மஞ்சள் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது.

"இதுவும் ஒரு கண்காட்சிதான்னு நெனைச்சுக்குங்க," என்றாள் ஆ-ஷியா. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உனக்குச் சிரிப்பா இருக்கு. எனக்கு இன்னும் பத்தொன்பது பறவைக்குப் பேர் வேணும்."

"நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வயல்ல எடுத்த படமெல்லாம் எவ்வளவு நல்லாருக்கு. அதை மாட்டுங்களேன். இந்தப் பறவைப் படத்தையெல்லாம் விட்டுடுங்க அத்தான்."

"பறவைச் சங்கத்துச் சுவத்துல பன்றியை மாட்ட விடுவாங்களா? ஏன், பறவைப் படத்துக்கு என்ன?"

ஆ-ஷியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அடுப்பில் சூப் கொதிப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கடையில் அவள் மருமகள் இருக்கிறாள், அடுப்பையும் அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். லான் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்து ஆ-தின் கூப்பிடும் சத்தத்தில் லான் வாசலுக்கு வந்தார். ஆ-தினின் எலுமிச்சைத் தோட்டத்து வேலியோரம் பதினேழு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் காட்டு நிறத்தில் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் மூன்று கால் தாங்கி, அதன்மேல் ஒரு பீரங்கி. கேமராவின் நீளக் கண்ணாடிக்கு எங்கள் பக்கத்தில் பீரங்கி என்றுதான் பெயர். பார்த்தாலும் அப்படித்தான் இருக்கும்.

எங்கேயாவது அபூர்வப் பறவை இறங்கியது என்று காதில் விழுந்தால் போதும், இவர்கள் தீவின் அந்தக் கோடியிலிருந்தும் வந்துவிடுவார்கள். இந்த முறை காதில் விழுந்தது, 'லீகாங்கில் பெயர் தெரியாத நீலப் பறவை'. படம் யார் வீட்டிலிருந்து வந்தது என்று ஜியான் அம்மாவிடம் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"இங்கே எதுவும் இல்லீங்க," என்றார் லான், முன்னால் நின்றவரிடம். அவர் தைனானிலிருந்து வந்தவர், பெயர் தூங். "அது ஹோண்டுராஸ் பறவை. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி என் சம்சாரம் எடுத்தது."

தூங் தன் பீரங்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "அண்ணே, நாங்களும் பறவை பார்க்கிறவங்கதான். நல்ல இடம் கெடைச்சா நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம். போன மாசம் ஒருத்தர் ஆந்தையை வீட்டுக் கொல்லையில வெச்சுக்கிட்டு, அது பொம்மைன்னு எங்களைத் திருப்பி அனுப்பினார்."

"உண்மையைத்தான் சொல்றேன்."

"அவரும் அதேதான் சொன்னார்."

உண்மை எடுபடவில்லை என்றதும் லான் ஒரு சின்னப் பொய் சொல்லிப் பார்த்தார். "சரி, நேத்து வரைக்கும் இருந்தது. ஆத்துப் பக்கம் பறந்து போயிடுச்சு."

பதினேழு பேரும் பீரங்கிகளைத் தூக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். லானுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி மறுநாள் காலைவரை நீடித்தது. வீட்டுக்காரரே பார்த்ததாக ஒப்புக்கொண்டார் என்று செய்தி பரவி, விடிந்தபோது நாற்பது பேர் நின்றார்கள். தைப்பேயிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது.

ஆ-தின் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றான். வெற்றிலைப் பாக்கு மென்ற வாய் கோபத்தில் இன்னும் சிவந்திருந்தது.

"அண்ணே, ரெண்டு கொப்பு ஒடிஞ்சிருக்கு. முள்ளு குத்தினவன் எனக்கே சத்தம் போடுறான், ஏன் முள்ளு மரம் வெச்சேன்னு. உங்க பறவையைக் கூண்டுல வைக்கக் கூடாதா?"

"என்கிட்ட பறவையே இல்லைடா."

"அப்போ அதை எழுதி வைங்க."

இது நல்ல யோசனை என்று லானுக்குத் தோன்றியது. ஒரு அட்டையில், 'இந்தப் பறவை இங்கே இல்லை' என்று பெரிதாக எழுதி வேலியில் கட்டினார். நாற்பது பேரும் முதலில் அந்த அட்டையைப் படம் எடுத்தார்கள். இல்லாத பறவைக்கு யாராவது அட்டை கட்டுவார்களா என்று தூங் மற்றவர்களிடம் கேட்டார். எல்லோரும் மடக்கு நாற்காலிகளைப் பிரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அட்டையின் படம் மதியமே வேறெங்கோ போய்ச் சேர்ந்தது. சாயங்காலம் மாவட்ட அலுவலகத்திலிருந்து துவான் என்ற பெண் அதிகாரி ஸ்கூட்டரில் வந்தாள். வெளிநாட்டுப் பறவை தப்பிப் பறந்தால் அதைக் கவனிக்கும் வேலை அவளுடையது. லான் வீட்டு முன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"பேர் சொல்லுங்க ஐயா."

"லான் சிங்-ஹோ."

"உங்க பேர் இல்லை. பறவை பேர்."

லான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "அது தெரிஞ்சா இவ்வளவும் நடந்திருக்காதும்மா."

"தப்பிச்சுதா, நீங்களே விட்டீங்களா?"

"ரெண்டும் இல்லை. அப்படி ஒரு பறவை இங்கே இல்லவே இல்லை."

"இல்லைன்னா, என்ன பறவை இல்லைன்னு எழுதணும். பேர் இல்லாம நான் படிவத்தை முடிக்க முடியாது."

யோ வாத்தியாரைக் கூப்பிட ஆள் போனது. வாத்தியார் மூன்று புத்தகங்களோடு வந்தார். நீலப் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார், கவிழ்த்தார், எட்டி வைத்துப் பார்த்தார்.

"வாலோட நுனியில ரெண்டு பொட்டு இருக்கு. மோட்மோட்னு ஒரு பறவை. அந்தப் பக்கத்து நாடுகள்லதான் உண்டு," என்றார்.

"நிச்சயமாவா?" என்றாள் அதிகாரி.

"எண்பது சதவீதம்."

"படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை ஐயா."

அது ஹோண்டுராஸ்தான் என்று நிரூபிக்க லான் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். இதற்குள் தூறல் போட ஆரம்பித்தது. வேலியோரம் இருந்த நாற்பது பேரும் பீரங்கிகளை அணைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குள் வந்து நெருக்கிக்கொண்டார்கள். ஆ-ஷியாவுக்குக் கூட்டத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பெரிய பானை சூப்போடு அவளும் வந்துவிட்டாள்.

"இதைப் பாரும்மா," என்றார் லான். "இது எங்க குழு. இது நெல்லு. இது பன்றி. இது ஜீப். ஞாயித்துக்கிழமை மட்டும் ஜீப்பை எங்களுக்குக் குடுப்பாங்க."

அதிகாரி படிவத்தை மடியில் வைத்துவிட்டு ஆல்பத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். லானுக்குப் பேச்சு தானாக வந்தது. மூன்று வருடமாகச் சொல்லாத கதை.

"அவ வர்றதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமைன்னா எங்க குழு ஆம்பிளைங்களுக்குக் காய் அடுக்கி மாஜாங் ஆடறதுதான். காலையில உக்காந்தா விளக்கு வைக்கிற வரைக்கும். அவ வந்த மொத ஞாயிறு, போனாப் போகுதுன்னு மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கேதான் இந்த நீலப் பறவையைப் பார்த்தோம். வாலைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தது. இவ எடுத்தா. வியாழக்கிழமை படம் கழுவி வந்தது. பார்த்தா, நீலமா ஒரு கறை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமா நஞ்சமா? அடுத்த ஞாயிறு மறுபடி போனோம். மறுபடியும் கறை. இந்த ஒரு பறவைக்கு மட்டும் பதினோரு ஞாயிறு போயிருக்கோம்மா."

"பதினோரு தடவையா?" என்றார் தூங். அவருக்கே அது அதிகமாகப் பட்டது.

"விடுறதில்லைன்னு எனக்கு ஒரு பிடிவாதம். அப்புறம் டூக்கானுக்கு ஏழு ஞாயிறு. என் மாஜாங்கே மறந்துபோச்சு. ஓடையோரமா உக்காந்து சோத்து உருண்டையும் கடுகுக்கீரை ஊறுகாயும் சாப்பிடுவோம். மேகம் வந்து மூடிக்கும். எதிர்ல இருக்கிற மரம் தெரியாது. அவ ஏதாவது பாடுவா. மேகம் விலகினா பறவை. நான் கையைக் காட்டுவேன், அவ எடுப்பா. நான் திட்டுவேன்."

ஜின்-யுன்னுக்கு அந்த ஊர் பாஷையில் காய்கறிப் பெயர்களைத் தவிர எதுவும் தெரியாது. வாரத்தில் ஆறு நாள் லான் விடிவதற்கு முன் வயலுக்குப் போய்விடுவார். தகரக் கூரை வீட்டில் அவள் தனியாக இருப்பாள். இதெல்லாம் அப்போது லானுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி நினைத்ததில்லை. இப்போது ஆல்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அந்தச் சோற்று உருண்டையின் ருசி நாக்கில் வந்து நின்றது. இன்னொரு முறை அந்த ஓடையோரம் அவளோடு உட்கார முடிந்தால், எத்தனை படம் கெட்டாலும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியது.

அதிகாரி, 'பறவை இல்லை' என்று எழுதிப் படிவத்தை மூடினாள். பெயர்க் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டாள். அலுவலகத்தில் கேட்டால் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, சூப் குடித்துவிட்டுப் போனாள்.

ஆனால் நாற்பது பறவைக்காரர்கள் ஒரு இடத்தில், கையில் நாற்பத்தொரு படங்கள், வெளியே மழை. சும்மா இருப்பார்களா? தூங் ஆல்பத்தை எடுத்தார்.

"அண்ணே, உங்களைச் சந்தேகப்பட்டது எங்க தப்பு. அதுக்குப் பதிலா எல்லாத்துக்கும் நாங்க பேர் கண்டுபிடிச்சுத் தர்றோம்," என்றார்.

லானின் முகம் மலர்ந்தது. யோ வாத்தியாரின் முகம் சுருங்கியது. ஒரு மணி நேரத்தில் மரங்கொத்திப் படத்துக்கு மட்டும் ஆறு பெயர் வந்தது. கிளி என்று ஒரு கட்சியும் இலை என்று ஒரு கட்சியும் ஒரு படத்துக்காகத் தனியாகப் போய் நின்று வாதாடின. ஒருவர் ஒரு படத்தை நீளநேரம் பார்த்து இது ஜீப்பின் கண்ணாடி என்றார். அது உண்மையாகவும் இருந்தது.

"டூக்கானையாவது விடுங்கப்பா," என்றார் லான்.

"எது டூக்கான்?" தைப்பே வேனில் வந்த அம்மாள் படத்தை வாங்கினார். "இது அலகு இல்லீங்க. பப்பாளி. காம்பு தெரியுது பாருங்க."

யோ வாத்தியார் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு தன் நோட்டில் டூக்கானை அடித்தார். கழுகைப் பற்றிக் கேள்வி வந்தபோது, அது மேகத்தின் நிழலாகவும் இருக்கலாம் என்று அவரே சொல்லி அதையும் அடித்துவிட்டார். காலையில் இரண்டு பெயர் இருந்தது. இப்போது மிஞ்சியது எண்பது சதவீதம் மோட்மோட்.

மழை விட்டது. பறவைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து லானின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஆ-தின் ஒடிந்த கொப்புகளை எடுத்துக்கொண்டு போனான். தாழ்வாரத்தில் லானும் வாத்தியாரும் ஆ-ஷியாவும், காலிக் கிண்ணங்களும் மட்டும் இருந்தன.

"அப்போ சுவர் பல் டாக்டருக்குத்தான்," என்றார் லான்.

யோ வாத்தியார் கண்டிப்பானவர், கல்நெஞ்சக்காரர் இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து தாழ்வாரத்து மூலைக்குப் போய் தலைவரோடு கைபேசியில் பேசினார். பாதி கெஞ்சல், பாதி அதட்டல். திரும்பி வந்தபோது பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"தலைவர் ஒரு வழி சொல்றார். பேர் இல்லாமலும் மாட்டலாம். ஆனா படம் ஏன் தெளிவா இல்லைங்கிற காரணத்தை எழுதி, நீங்க கையெழுத்துப் போடணும். அந்தச் சீட்டைச் சுவத்துலேயே, தலைப்புக்குக் கீழே ஒட்டுவோம். சங்கத்தோட பேர் கெடக்கூடாதுல்ல."

லான் சீட்டை வாங்கினார். காரணம் என்ற இடத்தில் மூன்று சொற்கள் அச்சடித்திருந்தன. வெளிச்சக் குறைவு, தூரம், கை நடுக்கம். ஏதாவது ஒன்றை மட்டும் விட்டு மற்றதை அடிக்க வேண்டும்.

"வெளிச்சக் குறைவுன்னு போட்டுடறேன்."

"வெயில் அடிக்கிறது தெரியுதே. இலையோட நிழல் விழுந்திருக்கு பாருங்க."

"தூரம்?"

"பக்கத்து இலைக்கு நரம்பு தெரியுது. பத்தடிகூட இருக்காது." வாத்தியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் பொய்க்குத் துணை போக முடியாது, லான் அண்ணே. பார்க்கிறவன் எல்லாம் பறவைக்காரன். கண்டுபிடிச்சுடுவான்."

மிஞ்சியது ஒன்றுதான். லான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வருடத்துக்கும் மேல் விருந்து மேசைகளில் வாயால் சொன்னதை இப்போது எழுத்தில் எழுதி, அவள் பெயருக்குக் கீழேயே ஒட்டச் சொல்கிறார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் இவ்வளவும் ஆரம்பித்தார். எழுதாவிட்டால் சுவர் இல்லை, எழுதினால் ஊர் மறுபடியும் அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

"அவ ஒரு தடவைகூட என்கிட்டக் கோவிச்சுக்கிட்டதில்லை வாத்தியாரே," என்றார். "நான் எவ்வளவு திட்டினாலும், சரி, அடுத்த ஞாயித்துக்கிழமை ஒழுங்கா எடுக்கறேன்னுதான் சொல்லுவா. நான்தான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிச்சேன். அது என்னமோ இப்போ தாங்க முடியலை."

அவருக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் சுவர் வேண்டும். முதல் இரண்டு சொற்களையும் மெதுவாக அடித்தார். கை நடுக்கம் மட்டும் நின்றது. கையெழுத்துப் போடக் குனிந்தார்.

கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆ-ஷியா வந்து சீட்டைப் பிடுங்கினாள்.

"இதுல கையெழுத்துப் போடாதீங்க அத்தான்."

"குடு இங்கே. வாத்தியார் ஒத்துக்கிற காரணம் இது ஒண்ணுதான்."

"அக்காவுக்கா கை நடுக்கம்? கல்யாணத்துக்கு முன்னாடி எட்டு வருஷம் காவ்ஷியுங் தொழிற்சாலையில கைக்கடிகாரத்துக்கு முள் மாட்டினவ அவ. அந்த முள் கண்ணுக்கே தெரியாது. ஒரு நாள் ஒரு முள் கோணல்னு திரும்பி வந்ததில்லை."

லான் அவளையே பார்த்தார். யோ வாத்தியாரும் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"அப்போ இத்தனை படமும் எப்படிக் கெட்டுச்சு?"

"அக்கா எனக்கு வாராவாரம் அங்கேருந்து கடுதாசி போடுவா. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எழுதியிருந்தா. நானும் இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இனி முடியாது."

"என்னன்னுதான் சொல்லேன்."

ஆ-ஷியா சீட்டை நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"படம் நல்லா விழுந்துட்டா, அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க அவளை வீட்ல விட்டுட்டு மாஜாங் ஆட உக்காந்துடுவீங்கன்னு, ஒவ்வொரு பறவைக்கும் அவ வேணும்னேதான் கேமராவை ஆட்டினா அத்தான்."